உள் பெஞ்சு

தண்ணீர் குடித்திருக்கக் கூடாது. விடிந்ததிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள், இந்த ஆஸ்பத்திரி ஹாலில் உட்கார்ந்து மூலையில் இருக்கும் தண்ணீர் கேனையே பார்த்துக்கொண்டிருந்ததில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, அரை டம்ளர் என்ன செய்துவிடப் போகிறது என்று எழுந்து போய்க் குடித்துவிட்டேன். செய்துவிட்டது. முதலில் ஒரு வெதுவெதுப்பு. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பிறகு அது ஆறும், துணி தொடையோடு ஒட்டும், அதற்கப்புறம்தான் வாடை கிளம்பும். கிளம்பிவிட்டதா? என் மூக்குக்கு இப்போது எதுவும் தெரிவதில்லை, பழகிவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது, எனக்குத் தெரியாமல் ஊருக்கே தெரிந்துகொண்டிருக்கும். தலையில் நாலு முழம் மல்லிகை வைத்திருக்கிறேன். பூக்காரி, "என்னக்கா, எந்தக் கல்யாணத்துக்கு?" என்று கேட்டாள். ஆமாம், கல்யாணம்தான். வாசலை ஒட்டின நாற்காலியாகப் பார்த்து, ஃபேன் காற்று என்மேல் பட்டுத் தெருப் பக்கம் போகிறதா என்று பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுதான் பார்க்கிறேன், கோயிலுக்குப் போனால்கூட. கோயிலுக்குப் போவதையே விட்டாயிற்று, அது வேறு விஷயம். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்று பையை வைத்திருக்கிறேன். பையில் மாற்றுத்துணி, பாலித்தீன் கவர், அப்புறம் அந்த வெள்ளைத்தாள். போன வருஷம் இங்கே எனக்கு நடந்த கர்ப்பப்பை ஆபரேஷனின் கேஸ் ஷீட் நகல் வேண்டும், இப்படிக்கு செண்பகவல்லி. இரண்டே வரி. உள்ளே போய் டாக்டரம்மா கையில் இதைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் எதற்கென்று அவர்களுக்குப் புரிந்துவிடும். ரேஷன் கடையில் எடை போடுகிறவள் நான். அரிசியில் புழு என்று சண்டைக்கு வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, கவர்மெண்டைப் போய்க் கேள் என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தத் தெரிந்தவள். இந்த இரண்டு வரியை நீட்ட எனக்குக் கை வரவில்லை. 'செம்பகம், நீயா?' என்று ஒரு பார்வை பார்ப்பார்களே, அதை நினைத்தால் எழுந்து வீட்டுக்கே போய்விடலாம் என்று இருக்கிறது.

மிருணாளினி. கோவில்பட்டியில் எங்கள் ஆட்களில் யார் இப்படிப் பெயர் வைப்பார்கள்? மாரியம்மாள், சண்முகக்கனி, மிஞ்சிப்போனால் ஒரு கவிதா. எங்கள் தெருவில் மட்டும் மூன்று மிருணாளினிகள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் இன்ஷியலைச் சேர்த்துக் கூப்பிட வேண்டியிருந்தது, அத்தனையும் டாக்டரம்மா கையில் விழுந்து அவர்கள் பேரையே வாங்கிக்கொண்ட பிள்ளைகள். என் மகளும் அதில் ஒருத்தி. கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு, தாயா பிள்ளையா என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நான் இருக்கேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லி இரண்டு பேரையும் பிழைக்கவைத்தவர்கள். கண் முழித்ததும் நான் முதலில் கேட்டது பிள்ளை ஆணா பெண்ணா என்றில்லை, டாக்டரம்மா பேர் என்ன என்றுதான். வீட்டுக்காரர் வகையில் குலசாமி பேர் வைக்க வேண்டும் என்று நின்றார்கள். சாமி எங்கே வந்தது, இவர்கள்தானே வந்தார்கள் என்று நான் நின்றேன். அன்றிலிருந்து பொங்கல் என்றால் கரும்புக் கட்டு இங்கே ஒன்று வரும். மகளுக்குச் சடங்கு சுற்றினபோது முதல் பத்திரிகை குலசாமிக்கு, இரண்டாவது இங்கே. கைராசிக்காரி, கைராசிக்காரி என்று நான் அனுப்பி வைத்த பெண்கள் எத்தனை பேர், அரிசி வாங்க வருகிற பிள்ளைத்தாய்ச்சியை எல்லாம் பில் போடுகிற நேரத்தில் விசாரித்து இங்கே அனுப்பியிருக்கிறேன், கமிஷன் வாங்குகிறாயா அக்கா என்று ஒருத்தி கிண்டல்கூடச் செய்தாள். இப்போது அதே வாயால், அதே கையால். மகள் சென்னையிலிருந்து போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள், "நான் பேரை மாத்திக்கிறேம்மா. கெஜட்ல குடுத்தா மாத்திரலாம்." போடி, பேரை மாற்றினால் நீ பிழைத்தது இல்லையென்று ஆகிவிடுமா என்று திட்டிவிட்டு போனை வைத்தேன். அவள் பிழைத்தது நிஜம். நான் ஒழுகுவதும் நிஜம். இரண்டையும் ஒரே மனசில் வைக்க இடம் பற்றவில்லை. டாக்டரம்மாவை வைய வேண்டும் என்று வாயைத் திறந்தால் மகள் பேர்தான் வருகிறது.

ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாமோ? மாதம் முழுக்க உதிரம் போனால் யார்தான் தாங்குவார்கள். கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது, "இனி அது எதுக்கு செம்பகம், எடுத்துருவோம்" என்றார்கள், எடுத்தார்கள், எழுந்து நடந்தேன், மூத்திர டியூபை உருவினார்கள், வீட்டுக்கு வந்தேன். எல்லாம் நல்லபடியாக. பிறகு ஒரு நாள் காலையில் எழுந்தால் கட்டிலில் போட்ட விரிப்பு நனைந்திருக்கிறது. சீ, சின்னப் பிள்ளை மாதிரி என்று நானே சிரித்துக்கொண்டு, அவர் பார்க்கும் முன்னால் சுருட்டிக் கொண்டுபோய்க் கொல்லையில் அலசினேன். மறுநாளும். அப்புறம் பகலிலும். போகவும் செய்கிறேன், போகாத நேரத்தில் ஒழுகவும் செய்கிறது. சீக்கிரமே வேலைக்குப் போனதாலோ, வெயிட்டான சீனி மூட்டையை நகர்த்தினதாலோ, பத்தியம் இல்லாமல் கத்தரிக்காய் தின்றதாலோ, இப்படி என் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன், வேறு பக்கம் ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. கடையில் எடை மெஷினுக்குப் பின்னால் சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள்தான் எனக்கு நல்ல நாள். அந்த நெடியில் எதுவும் தெரியாது, அன்றைக்கு மட்டும் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவேன். மற்ற நாளில் வரிசை கிட்டே வந்தால் எரிந்து விழுவேன், தள்ளி நில், தள்ளி நில் என்று. திமிர் பிடித்தவள் என்று ஊரில் பேர். இருக்கட்டும், நாறுகிறவள் என்ற பேருக்கு இது மேல். வீட்டுக்காரர் ஒரு நாள் கட்டிலிலிருந்து இறங்கிக் கூடத்தில் பாய் போட்டுக்கொண்டார். முதுகு வலிக்குத் தரைதான் நல்லதாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து வராத முதுகு வலி. இன்றைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார், விட்டுவிட்டு எதிரே டீக்கடையில் நிற்கிறார், உள்ளே வரவில்லை. வழியெல்லாம் நான் பின்னால் உட்காரும்போது நடுவில் பையை வைத்துக்கொண்டேன். இறங்கினதும் அவர் சீட்டைத் தொட்டுப் பார்ப்பாரோ என்று திரும்பிப் பார்க்காமல் வேகமாக உள்ளே வந்துவிட்டேன்.

கடைசியில் மதுரைக்குப் போய்க் காட்டினேன், அங்கே டாக்டர் ஒரு இளவட்டப் பெண். முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, கதவைச் சாத்தி, உள்ளே பஞ்சு வைத்து, மூத்திரப் பைக்குள் நீல மருந்தை ஏற்றி, கொஞ்சம் நடக்கச் சொன்னாள். பஞ்சை எடுத்தாள். நீலமாக இருந்தது. உஜாலா போட்ட வேட்டி நீலம் இல்லை, நல்ல கறுத்த நீலம். "பைக்கும் இதுக்கும் நடுவுல ஒரு ஓட்டை இருக்கும்மா, அது வழியாத்தான் வருது" என்றாள். நான் அழுதேன். அவள் துக்கம் என்று நினைத்துத் தோளைத் தொட்டாள். துக்கமே இல்லை. ஓட்டை என்றால் நான் அடக்கத் தெரியாதவள் இல்லை. எனக்கு அந்தப் பஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அவரிடம் காட்ட வேண்டும்போல இருந்தது, கேட்க வெட்கமாக இருந்தது, குப்பையில் போட்டுவிட்டாள். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் டியூபை இன்னும் சில வாரம் விட்டுவைத்துப் பார்த்திருக்கலாம், சிலருக்கு அதிலேயே மூடிவிடும், இனி மறுபடி ஆபரேஷன்தான் என்றாள். கோவில்பட்டியில் ஏன் இதைப் பார்க்கவில்லை என்று நான் கேட்டதும் அவள் முகம் சாத்தின கதவு மாதிரி ஆகிவிட்டது. "மத்தவங்க வைத்தியத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா." தம்பி கதிரேசன் சும்மா விடுகிற ஆள் இல்லை, வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனான். வக்கீல் பொறுமையாகத்தான் சொன்னார். "ஓட்டை விழுந்ததை மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. எவ்வளவு கெட்டிக்கார டாக்டர் கையிலயும் அது நடக்கலாம். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கும். அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுங்கிறதுதான் கேள்வி. நீங்க போய்ச் சொன்னீங்களா? சொன்ன பிறகு அவங்க பாத்தாங்களா? சொல்லியும் பாக்கலைன்னா அது கவனக்குறைவு." இது எனக்கு உடனே புரிந்தது. லாரியில் ஏற்றி இறக்கும்போது கொக்கி பட்டு மூட்டை கிழிவது யார் தப்பும் இல்லை. அக்கா, அரிசி கொட்டுது என்று ஒருத்தி காட்டின பிறகும் நான் குனிந்து பார்க்காமல் பில் போட்டுக்கொண்டே இருந்தால் அது என் தப்பு. முதலில் கேஸ் ஷீட்டை வாங்குங்கள், எழுதிக் கேட்டால் தர மாட்டேன் என்று சொல்ல முடியாது, அதை வைத்து இன்னொரு பெரிய டாக்டரிடம் அபிப்பிராயம் கேட்போம், தள்ளிப்போடாதீர்கள், இதற்கெல்லாம் கெடு உண்டு என்றார். எல்லாம் சரி. அப்புறம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார், "என்ன வார்த்தையில சொன்னீங்கக்கா?" கதிரேசன் போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டான்.

என்ன வார்த்தையில் சொன்னேன். பத்து நாளாக இதையே அரைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே டாக்டரம்மா அறைக்குள்ளேயே சுவர் ஓரமாக ஒரு பெஞ்சு உண்டு. உள் பெஞ்சு என்று பேர். அடுத்து பார்க்க வேண்டிய நாலு பேரை சிஸ்டர் முன்கூட்டியே கொண்டுபோய் அதில் உட்காரவைத்துவிடும், ஒருத்தி எழுந்தால் அடுத்தவள் ஸ்டூலுக்கு, டாக்டரம்மாவுக்கு ஒரு நிமிஷம் வீண் போகாது. அதனால் ஸ்டூலில் இருப்பவள் சொல்வது பெஞ்சுக்குக் கேட்கும். அவளுக்கு வெள்ளைப்படுவது இவளுக்குத் தெரியும், இவளுக்குக் குழந்தை நிற்காதது அவளுக்குத் தெரியும். நானும் எத்தனையோ பேர் கதையைக் கேட்டிருக்கிறேன், சுவாரசியமாகத்தான் கேட்டிருக்கிறேன். முதல் தடவை போனபோது, "ஈரமாவே இருக்கும்மா" என்றேன். அது சொன்னதில் சேருமா? "புண்ணு ஆறும்போது கசியும்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். இரண்டாவது தடவை, "நிக்காம வருதும்மா" என்றேன். என்ன வருது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, பெஞ்சில் என் கடை ரேஷன் அட்டைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அடக்கி அடக்கி விட்டுப் பழகு என்றார்கள். அப்படியென்றால் அவர்களுக்குப் புரிந்துதானே சொன்னார்கள்? புரியாமல் அடக்கு என்று எதைச் சொல்வார்கள்? அல்லது ஆபரேஷன் முடிந்த எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார்களோ. திரை போட்ட கட்டில் அங்கேயே இருந்தது, படு, பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. நானாவது கேட்டேனா? கேட்கவில்லை. படுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டு இருந்தேன், துணி அந்த லட்சணத்தில் இருந்தது. மூன்றாவது தடவை மழை. குடையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பெஞ்சில் பச்சைச் சேலை கட்டின அம்மாள், பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, அட்டைக்காரி மறுபடியும். டாக்டரம்மா அன்றைக்கு சந்தோஷமாக இருந்தார்கள், மகனுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, மேஜையில் ஸ்வீட் பெட்டி திறந்திருந்தது, எனக்கு ஒரு மைசூர்பாகு கொடுத்தார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டே, கையில் நெய் ஒட்ட ஒட்ட, நான் என்ன சொன்னேன்? அட்டைக்காரி சேலைக் கரைகூட ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னது மட்டும் வரவில்லை. அந்த இடத்துக்குப் போனதும் மனசு காலைத் தூக்கித் தாண்டிவிடுகிறது.

"இந்தப் பையைக் கொஞ்சம் எடுக்கீகளா மதினி? பிள்ளத்தாச்சி நிக்கா." ஒரு அம்மாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பையை எடுக்காமல் இருக்க முடியுமா. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், மகள் உட்கார்ந்தாள், தாய் அதற்கடுத்து உட்கார்ந்தாள். இரும்புக் கம்பியில் கோத்த நாற்காலிகள், நகர்ந்துகொள்ளவும் முடியாது. கால்களை இறுக்கிக்கொள்கிறேன், இறுக்கினால் நிற்கிற சமாச்சாரமா இது. "ஏழு மாசம்" என்கிறாள் தாய், நான் கேட்காமலே. "இவ பொறந்ததும் இந்தம்மா கையிலதான். கைராசின்னா அப்படி ஒரு கைராசி. நீங்க எதுக்கு வந்திருக்கீக?" சும்மா செக்கப் என்கிறேன். "நல்ல மனுஷி, இல்லையா மதினி?" ஆமாம் என்கிறேன். என் தலை தானாக ஆடுகிறது. நல்ல மனுஷிதான், அதில் பொய் இல்லை. அந்தப் பெண் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். வியர்வைக்குத்தான் துடைத்தாள். இல்லை, மூக்கருகில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாளே? பிள்ளைத்தாய்ச்சிக்கு எந்த வாடையும் தூக்கலாகத் தெரியும், எனக்கு அந்த மாதத்தில் தாளிக்கிற வாசனையே ஆகாது. இவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? பயமுறுத்தக் கூடாது. அவளுக்கு நல்லபடியாகப் பிறக்கும், டாக்டரம்மா பிள்ளை எடுப்பதில் குறை வைத்ததில்லை. ஆனால் ஏதாவது ஒன்று என்றால் பெஞ்சைப் பார்க்காதே, பச்சையாகச் சொல், படுக்கவைத்துப் பார்க்கச் சொல்லிக் கேள் என்று இந்தக் குட்டியின் காதில் சொன்னால் என்ன? சொல்ல மாட்டேன். எனக்கே வராதது. ஊர்க்காரிகளுக்கு நியாயம் பேசுகிறவள், தன் உடம்புக்கு நாலு வார்த்தை பேசத் தெரியாமல் மல்லிகைப்பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஒழுகுவதற்கு வெட்கம், அதைச் சொல்ல வெட்கம், சொல்லாமல் இருந்ததற்கு வெட்கம், இப்போது நன்றி கெட்டவளாக வந்து நிற்பதற்கு வெட்கம். எதில் தொடங்கி எதில் முடிகிறது என்று தெரியவில்லை. "செண்பகவல்லி, உள் பெஞ்சுக்கு வாங்க" என்று ரெஜினா சிஸ்டர் கூப்பிடுகிறது. எழுந்திருக்கும்போது சேலையைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டேன். நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெஞ்சில் கடைசி இடம் எனக்கு. பிறகு ஒவ்வொருத்தியாக எழ எழ நான் முன்னால் நகர வேண்டும். நகர்ந்தால் பெஞ்சில் தடம் தெரியும், அதனால் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, முந்தானையால் துடைத்த மாதிரியும் துடைக்காத மாதிரியும் ஒரு வேலை செய்து உட்கார்கிறேன். எனக்குப் பின்னால் வந்து உட்கார்கிறவர்களைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா எவ்வளவு நரைத்துவிட்டார்கள். எழுதுகிற கையில் லேசாக நடுக்கம் இருக்கிறதா, முன்பே இருந்ததா? இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் கத்தியிருக்கிறேன், நகம் பதிந்திருக்கும், அவர்கள் விடச் சொல்லவில்லை. இந்தத் தாளைக் கிழித்துவிடலாம். ஒன்றும் இல்லை டாக்டரம்மா, சத்து மாத்திரை எழுதிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போய்விடலாம். மதுரையில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், சரியாகிவிட்டால் யாருக்கு என்ன போயிற்று. கதிரேசன் இரண்டு நாள் கத்துவான், அப்புறம் அடங்குவான். பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவரலாம். அவர் கட்டிலுக்குத் திரும்பி வருவார். எல்லாம் பழைய மாதிரி. ஸ்டூலில் இருந்தவள் ஏதோ முணுமுணுக்கிறாள், டாக்டரம்மா தலையைத் தூக்காமல், "அதெல்லாம் அப்படித்தான் இருக்கும், போ" என்கிறார்கள். அவள் எழுந்து போகிறாள். என்ன சொன்னாள் என்று இவ்வளவு பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. அவள் மறுபடி வருவாள், அப்போதும் முணுமுணுப்பாள். என் முறை. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"என்ன செம்பகம், ஆளையே காணோம்? மிருணா எப்படி இருக்கா?" என்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நல்லா இருக்காம்மா என்றேன், சென்னையில வேலை என்றேன், தாளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன், கை தானாகவே வைத்துவிட்டது. படித்தார்கள். "எதுக்கும்மா இது?" குரல் மாறவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மதுரைல காட்டினேன், ஓட்டை இருக்காம் என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் நிஜமாகவே வருத்தம் வந்தது, கண்ணாடியைக் கழற்றினார்கள். "அடடா. எவ்வளவு நாளா கஷ்டப்பட்டிருக்க. ஏம்மா, இதை எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே? சொல்லியிருந்தா அன்னைக்கே பாத்திருப்பேனே. பொம்பளைங்க எல்லாம் இப்படித்தான், மூடி மூடி வச்சுக் கெடுத்துக்கிறீங்க." பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. நான் தலை குனிந்தேன். ஆமாம்மா, என் தப்புத்தான் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மூடி மூடி வைத்தவள்தானே நான். மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மைசூர்பாகு. கையெல்லாம் நெய். அப்போது அந்த இடத்தை மனசு தாண்டவில்லை, நின்றுவிட்டது. "சொன்னேம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, கடையில் பேசுகிற குரல். "மூணாவது தடவை வந்தப்ப சொன்னேன். எந்நேரமும் மூத்திரம் ஒழுகுதும்மா, அடக்கவே முடியலன்னு சொன்னேன். அப்படியேதான் சொன்னேன். 'வயசாச்சுல்ல செம்பகம், குழாய்ல வாஷர் தேஞ்சிருக்கும்'னீங்க. பெஞ்சுல இருந்தவுக எல்லாம் சிரிச்சாக. நீங்களும் சிரிச்சீங்க." அதற்கு மேல் ஒன்று பாக்கி இருந்தது, அதைத்தான் இத்தனை நாளாக நான் என்னிடமே சொல்லாமல் வைத்திருந்தேன். "நானும் சிரிச்சேம்மா." டாக்டரம்மாவின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது. அது கோபம் இல்லை, வெட்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அது வந்தால் எப்படி இருக்கும் என்றும் தெரியும், ஐயோ, இவர்களுக்கா என்று பதறினேன், இருந்தாலும் தாளைத் திருப்பி எடுக்கவில்லை. அவர்கள் என்னைப் பார்க்காமல், "ரெஜினா, பெஞ்சுல இருக்கவங்களைக் கொஞ்சம் வெளியில உட்காரச் சொல்லு" என்றார்கள். பின்னால் வளையல்கள் சத்தம் கேட்டது, எழுந்திருக்கப் போகிறார்கள். எனக்கு முகம் எரிந்தது, கீழே ஈரம் ஸ்டூலைத் தாண்டிக் காலில் இறங்கிக்கொண்டிருந்தது. "வேண்டாம்மா" என்றேன். "அவுக இருக்கட்டும்."